முதல் தாங்கியின் புத்தகம்

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்தை அடுத்த கடைத்தெருவில் நகல் எடுக்கும் கடையும் அதனோடு சேர்ந்த புத்தகக் கட்டு வேலையும் வைத்திருந்தவர் அருள்தாஸ். காலையில் கடையைத் திறந்ததும் மேசையை முதலில் உலர்ந்த துணியால் துடைப்பார், பிறகுதான் ஈரத்துணி. எந்த ஒட்டுநாடாவையும் தாளில் ஒட்டுவதற்கு முன்பு தம் முழங்கையின் உட்புறத்தில் ஒட்டி உரித்துப் பார்ப்பார். ஆதலால் அவருடைய இடக்கையில் அந்த இடத்தில் மட்டும் மயிரே முளைப்பதில்லை. எவரேனும் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் அவரைக் கண்டிக்கமாட்டார். ஈரப்பஞ்சு வைத்த கிண்ணத்தை மெல்ல அவர் முன்னே நகர்த்துவார். அவ்வளவே.

இவை எல்லாவற்றிலும் ஊரறிந்த வழக்கம் ஒன்று உண்டு. அந்தக் கடையில் நின்று அவர் ஒருவரிடமும் 'முடியாது' என்று சொன்னதில்லை. நனைந்து ஒட்டிப்போன பத்திரத்தைக் கொண்டுவந்தாலும், கரையான் தின்ற பாடநூலைக் கொண்டுவந்தாலும் "ஆவட்டும்ங்க" என்பதே அவர் விடை.

"ஏரியத் தூக்கியாந்து பைண்டு போட்டுக் குடுன்னு ஒருத்தன் கேட்டாலும் நீ ஆவட்டும்ங்கன்னுதான் சொல்லுவ" என்று அவர் மனைவி பரிமளா ஏசுவாள்.

"ஓரம் கிழியாம இருந்தா போட்டுடலாம்" என்பார் அருள்தாஸ்.

அந்தக் கடைக்கட்டடம் தாமோதரனுடையது. ஏரிப் பாசனத்தில் நல்ல நஞ்சை நிலம் உடையவர். பல தலைமுறையாக அவ்வூரில் வேரூன்றிய குடும்பம். முன்பு அருள்தாஸ் கடைக்கு இடம் தேடி அலைந்தபோது, அவர் காலனியைச் சேர்ந்தவர் என்று அறிந்தவுடன் கடைத்தெருவில் காலியாக இருந்த கடைகள் யாவும் திடீரென்று வேறு எவருக்கோ பேசி முடிக்கப்பட்டவை ஆயின. தாமோதரன் ஒருவர்தாம் வேறொன்றும் கேளாமல் சாவியைக் கொடுத்தார். அந்த நன்றியை அருள்தாஸ் மறந்ததில்லை. ஒப்பந்தம் வரும் தை மாதத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதையும் மறந்ததில்லை.

இருவருக்கும் இடையே வேறோர் இழையும் இருந்தது. அருள்தாஸின் மகள் ஷீபாவும் தாமோதரனின் மகள் கீர்த்தியும் பள்ளியில் படித்த காலந்தொட்டு ராஜாராம் மாஸ்டரிடம் வயலின் கற்றுவருகின்றனர். இப்போது இருவரும் காஞ்சிபுரத்தில் கல்லூரி மாணவிகள். மாஸ்டரின் வகுப்பில் ஐந்து கோட்டுக் குறியீட்டில் அச்சிட்ட இசைத்தாளைப் பார்த்து வாசிப்பதுதான் முறை. தாளை வைக்கும் தாங்கி ஒன்றுக்கு இருவர். இருவருக்கும் ஒரே புத்தகம். பக்கத்தின் முடிவு வந்ததும் உட்புறம் அமர்ந்திருப்பவர் வில்லை நிறுத்திப் பக்கத்தைத் திருப்புவார். வெளிப்புறம் இருப்பவர் நிறுத்தாமல் வாசிப்பார். முதல் தாங்கியில் வெளிப்புறம் கீர்த்தி, உட்புறம் ஷீபா. இத்தனை ஆண்டுகளாக அந்த இடம் மாறியதில்லை.

ஐப்பசி மழைக்கு நடுவே ஒரு நாள் ராஜாராம் மாஸ்டர் குடையை உதறிக்கொண்டு கடைக்குள் வந்தார். தாமல் ஊர்க்காரர், அவ்வூர் ஏரி நிரம்புவதைப் பார்த்தே வளர்ந்தவர். அந்த ஆண்டு விழாவுக்காக அவரே ஏரியைப் பற்றிய ஓர் இசைத்தொடரை எழுதியிருந்தார்.

"அருளு, வாலாஜாபாத் மண்டபத்துல சனிக்கெழம ப்ரோக்ராமு. பசங்க ஜெராக்ஸு தாள கிளிப்பு மாட்டி வெச்சிக்கினு கீறாங்க. ஃபேன் போட்டா பாதி பாட்டு பறந்து பூடுது. நீதான் ஒயுங்கா கட்டித் தரணும்."

"ஆவட்டும்ங்க மாஸ்டர். ஸ்பைரல் வேணாமா?"

"வேணவே வேணாம்! போன வருசம் போட்டுக்கினு போனோமே, பக்கம் திருப்பசொல்ல கறகறன்னு ஒரு சத்தம். ஜனம் மிச்சர் பொட்டலம் பிரிக்குதுன்னு நெனச்சிக்கினேன்."

அருள்தாஸ் சிரித்துவிட்டார். பளபளக்கும் ஒட்டுநாடாவும் உதவாது. மேடை விளக்கு அதன்மேல் பட்டால் கண் கூசும், நாளாவட்டத்தில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும். சிறிது நேரம் யோசித்தவர் எதிர்ப்புறத்து மருந்துக் கடைக்குச் சென்று, காயத்தின்மேல் ஒட்டும் வெள்ளைக் காகிதப் பிளாஸ்திரியில் கடையில் இருந்த சுருள்கள் அனைத்தையும் வாங்கினார். மருந்துக் கடை வெங்கடேசன் திகைத்தார்.

"இன்னா அருளு, ஆருக்கு இவ்ளோ காயம்?"

"பாட்டுக்குங்க."

"பாட்டுக்கா? அந்த அளவுக்கா வாசிக்கிறாங்க?"

பிளாஸ்திரி மெல்லியது, ஓசையில்லாதது, ஒளியைத் திருப்பி வீசாதது, உரித்தாலும் தாளைக் கிழிக்காதது. கனமான தாளில் அச்சிட்டு, பக்கங்களை அடுத்தடுத்து வைத்து, நடுவில் ஒரு தீக்குச்சியின் கனத்துக்கு இடைவெளி விட்டுப் பின்புறம் ஒட்டினார் அருள்தாஸ். அந்த இடைவெளி இல்லாவிடில் புத்தகம் படியாது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே தானாக மூடிக்கொள்ளும். முதல் புத்தகத்தைத் தாங்கிபோல் சாய்த்த பலகையில் வைத்துத் திறந்தபோது அது உள்ளங்கை விரிந்தாற்போலப் படிந்து கிடந்தது. அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒவ்வொரு தாங்கிக்கும் உரிய புத்தகத்தை முடித்து, முதல் தாங்கியின் புத்தகத்தை மட்டும் கடைசியில் நிதானமாகச் செய்யலாம் என்று ஒதுக்கி வைத்தார்.

மறுநாள் முற்பகலில் தாமோதரன் வந்தார். வழக்கம்போல் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். யூரியா கிடைக்காததைப் பற்றிப் பேசினார். பிறகு கட்டி முடித்த புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அருளு, நம்ம கீர்த்திக்கு மட்டும் தனியா ஒண்ணு போட்டுடு. அவளுக்குக் கண்ணு கொஞ்சம் டல்லா கீது. தள்ளி வெச்சிக்கினா சரியா தெரியலன்றா."

அருள்தாஸ் அவர் முகத்தைப் பார்த்தார். தாமோதரன் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுக்கு எடம் பாத்துக்கினு கீறோம். போன வாரம் எவனோ ரிகர்சல படம் புடிச்சி வாட்சப்புல போட்டுட்டான். ரெண்டும் தலயோட தலய வெச்சிக்கினு ஒரே புக்க பாத்துக்கினு கீதுங்க. சொந்தக்காரங்க ஆளாளுக்கு போன் பண்ணி, யார்ரா அது பக்கத்துலன்னு. வூட்ல அவங்கம்மா பவளம் ஒரே பேஜார்." சற்று நிறுத்தி, "மனசுல வெச்சிக்காத. ரெண்டா போட்டுட்டா முடிஞ்சிது" என்றார்.

"ஆவட்டும்ங்க" என்றார் அருள்தாஸ்.

வழக்கமான சொல்தான். ஆனால் கண்ணுக்காக அல்ல, கீர்த்தியைத் தம் மகளின் பக்கத்திலிருந்து எழுப்புவதற்காகவே அந்த இரண்டாம் புத்தகம் என்பது அவருக்கு நன்கு விளங்கிற்று. அதைத் தம் கையாலேயே கட்டித் தரவேண்டும் என்பதும் விளங்கிற்று.

அவர் வேலையில் இறங்கினார். இறங்கியவுடன் வேறொரு சிக்கல் தென்பட்டது. வாசிப்பில் நிறுத்தம் வரும் இடங்களில் தொப்பியைக் கவிழ்த்தாற்போல ஒரு குறி இருக்கும் என்று ஷீபா முன்பு அவருக்குக் காட்டியிருந்தாள். முதல் வயலினுக்குரிய நான்கு பக்கங்களில் இரண்டாம் பக்கத்தின் முடிவில்தான் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் தொப்பியைத் தேடினார். ஒன்றும் இல்லை. மாஸ்டருக்குக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டார்.

"எப்டி அருளு இருக்கும்? அங்கதான் மதகு தொறக்குது. தண்ணி நின்னு நின்னா வரும்? அதுக்குத்தான் ஒருத்தரு திருப்ப, ஒருத்தரு வாசிக்க!"

ஆளுக்கொரு புத்தகம் என்றால் இருவருமே ஒரே நேரத்தில் வில்லை எடுத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பவேண்டும். மதகு திறக்கும் அதே கணத்தில் தண்ணீர் நின்றுபோகும். அருள்தாஸ் தாடையைத் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு அவர் கைகளுக்கே உரிய உத்தி ஒன்று தோன்றிற்று. நான்கு பக்கங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கவாட்டில் ஒட்டி, விசிறிபோல் மடித்துவிட்டால் என்ன? விரித்து வைத்தால் நான்கு பக்கமும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரியும். திருப்பவே வேண்டாம்!

அவ்வாறே செய்தார். தீக்குச்சி இடைவெளி பிசகாமல், மூலை ஒன்றும் நிமிராமல், ஒன்று போலவே இரண்டு விரிமடிப்புகள். அவர் கட்டிய வேலைகளுள் அதைப்போல் நேர்த்தியானது வேறில்லை. விரித்தும் மடித்தும் பார்த்தபோது, எதற்காக அதைச் செய்கிறோம் என்பதே சிறிது நேரம் அவருக்கு மறந்துபோயிற்று. மறக்கவேண்டும் என்றே அத்தனை நேர்த்தியாகச் செய்தார் போலும்.

கல்லூரியிலிருந்து திரும்பி வந்த ஷீபா மேசையைப் பார்த்தாள்.

"இன்னா நைனா இது, இம்மாம் நீட்டு? துணி காயப்போடறதுக்கா?"

"திருப்ப வேணாம் பாரு. வாசிச்சிக்கினே போலாம்."

"அது சரி. எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு கீர்த்திக்கு. அதுக்குக் கண்ணு கொஞ்சம்…"

"கீர்த்திக்கா கண்ணு?" ஷீபா சிரித்தாள். "நேத்து ராத்திரி மழைல, அந்தக் கோடியில வர பஸ்ஸு போர்டப் பாத்து, 'ஏய், பழையசீவரம் வண்டிடி, ஓடாத'ன்னு அவதான் சொன்னா. எனக்கு பஸ்ஸே தெரில."

அருள்தாஸ் கத்தரியைத் துடைத்தார். ஷீபாவின் சிரிப்பு மெல்ல அடங்கிற்று. அவள் தந்தையைப் பார்த்தாள்; சுவரில் மாட்டியிருந்த கடைச் சாவிக்கொத்தைப் பார்த்தாள். பின் இரண்டு விரிமடிப்புகளையும் அழகாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் ஏதேனும் சண்டையிட்டிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றிற்று.

வியாழக்கிழமை மாலை ஒத்திகை. நெல் வணிகர் ஒருவரின் பழைய கிடங்கின் மாடியில்தான் வகுப்பு. மற்றப் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த அருள்தாஸ், கட்டு எப்படிப் படிகிறது என்று பார்ப்பதற்காகச் சுவரோரம் நின்றார். புத்தகங்கள் நன்றாகவே படிந்தன. ஆனால் முதல் வரிசையில் வேறொரு தொல்லை. விரித்து வைத்த நான்கு பக்கம் ஒரு தாங்கியில் அடங்கவில்லை. ஆளுக்கு இரண்டு தாங்கி வேண்டியதாயிற்று. தாங்கிகள் விலகவே நாற்காலிகளும் விலகின. கீர்த்தி ஒரு கோடிக்கும் ஷீபா மறுகோடிக்கும் போய்விட்டனர். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகும் அளவுக்கு இடம்.

"இன்னாடி, சண்டையா?" என்று பின்வரிசையில் எவளோ கேட்டாள்.

"பெரிய எடம் ஆயிட்டோம்ல" என்றாள் ஷீபா. கீர்த்தி சிரிக்கவில்லை.

மாஸ்டர் கையை உயர்த்தினார். வாசிப்புத் தொடங்கிற்று. முதலில் தூறல், பிறகு கால்வாயில் நீர் சலசலப்பது, பிறகு ஏரி மெல்ல மெல்ல ஏறுவது. ஷீபா வீட்டில் தனியே வாசித்துப் பழகியபோது கேட்டதனால் அருள்தாஸுக்கு ஒவ்வோர் இடமும் தெரிந்திருந்தது. இதோ, இரண்டாம் பக்கம் முடிகிறது. மதகு.

அந்தக் கணத்தில் ஷீபா வில்லை நிறுத்தினாள். அவள் வலக்கை, வில்லைப் பிடித்தவாறே, பழக்கத்தால் எழுந்து முன்னே சென்றது. திருப்புவதற்கு அங்கே பக்கம் இல்லை. கை காற்றில் நின்றது. அதே கணத்தில் மறுகோடியில் இருந்த கீர்த்தியும் பழக்கத்தால் தலையை இடப்பக்கம் திருப்பினாள். அங்கே இருக்க வேண்டிய தோழி இல்லை. அவளுடைய வில்லும் தடுமாறிற்று. திருப்ப வேண்டிய தேவையே இல்லாதபடி அவர் கட்டிக்கொடுத்த தாள்களின் முன்னே இருவரும் ஒருசேர நின்றுபோயினர். பின்வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி ஓய்ந்தன.

"இன்னா ஆச்சு? மதகு ரிப்பேரா?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் இல்ல மாஸ்டர். மறுபடி" என்றாள் ஷீபா.

மறுபடியும் வாசித்தனர். கை எழவில்லை, அவள் அதை அடக்கிக்கொண்டாள். சுரம் பிசகவில்லை. எனினும் தண்ணீர் பாயவில்லை. இரண்டு குழாய்கள் தனித்தனியே ஒழுகுவதுபோல் இருந்தது. அருள்தாஸ் அதைக் கேட்டார் என்பதைவிட, அடக்கப்பட்ட அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒத்திகை முடிந்ததும் கீர்த்தி நேராக அவரிடம் வந்தாள்.

"அங்கிள், எனக்குக் கண்ணு டல்லுன்னு ஆரு சொன்னா?"

அருள்தாஸ் பார்வையைத் தாங்கிகளின் பக்கம் திருப்பினார்.

"எங்கப்பாதான?" அவள் கண்கள் கலங்கியிருந்தன, குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது அங்கிள். எல்லாம் தெரியுது. நான் சண்ட போட்டுத்தான் பாத்தேன். இன்னா சொன்னாரு தெரிமா? 'அருளே கட்டித் தரேன்னு சொல்லிட்டான், அவனுக்கே ஒண்ணும் இல்ல, ஒனக்கின்னா'ன்றாரு."

அவள் தன் விரிமடிப்பை மடித்து அவர் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். ஷீபாவும் தன்னுடையதை அவரிடம் தந்துவிட்டு, "வரேன் நைனா" என்று அவள் பின்னே ஓடினாள். இருவரும் கீழே தெருவில் ஒரே குடையில் போவது மாடிச் சன்னலிலிருந்து தெரிந்தது. இருவர் வயலின் பெட்டிகளும் நனையாமல் நடுவில் இருக்க, ஆளுக்கொரு தோள் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

'அவனுக்கே ஒண்ணும் இல்ல.' அருள்தாஸ் அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். தாம் சொன்ன 'ஆவட்டும்ங்க' தம்மோடு முடிந்துபோவது என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தார். அது அந்த வீட்டுக்குள் போய் ஒரு பெண்ணின் வாயை அடைக்கவும் பயன்படும் என்று அவர் எண்ணியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, மேசையை உலர்ந்த துணியால் துடைத்தார். பிறகு ஈரத்துணியால் துடைத்தார். விரிமடிப்புகளுள் ஒன்றை எடுத்தார். நடு மடிப்பைப் பின்னுக்கு மடித்தபோது இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் முதுகோடு முதுகு சேர்ந்து ஒரே ஏடாயின. அது மீண்டும் விரியாதபடி மேலும் கீழும் பிளாஸ்திரி ஒட்டினார். அவ்வளவுதான், விசிறி புத்தகமாகிவிட்டது. ஏட்டின் கீழ் மூலையில், ஷீபாவின் விரலுக்கு எளிதாக அகப்படும்படி, சிறிய தாள் நாக்கு ஒன்றை வைத்தார். மற்றொரு விரிமடிப்பின் பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக உரித்தார். தாள் கிழியாமல் அவை வந்தன. பிரிந்த பக்கங்களைப் பின்புறம் எழுதுவதற்கு உதவும் தாள்களோடு சேர்த்து அடுக்கினார்.

தாமோதரன் வந்தபோது புத்தகம் ஒன்றுதான் மேசைமேல் இருந்தது.

"இன்னா அருளு, ஒண்ணுதான் கீது? இன்னொண்ணு?"

"இல்லீங்க. பிரிச்சிட்டேன்."

தாமோதரன் நாற்காலியை இழுத்தார்; ஆனால் உட்காரவில்லை.

"நேத்து ரிகர்சல்ல நின்னு பாத்தங்க. ரெண்டு பேரும் தனித்தனியா ஒக்காந்துக்கினு வாசிச்சாங்க. பக்கம் திருப்பற எடத்துல என் பொண்ணு கைய நீட்டிச்சி. ஒங்க பொண்ணு இந்தாண்ட திரும்பிப் பாத்துது. ரெண்டும் நின்னு போச்சிங்க."

தாமோதரன் புத்தகத்தைத் திறந்தார். படிந்து கிடந்த பக்கங்களை உற்றுப் பார்த்தார். அந்தச் சிறு நாக்கைப் பிடித்து ஏட்டைத் திருப்பினார். அது ஓசையின்றித் திரும்பிற்று. மீண்டும் பழைய பக்கத்துக்கே திருப்பினார்.

"கீர்த்தி ரெண்டு நாளா என்னாண்ட பேசல" என்றார் மெல்ல. பிறகு, "எனக்குப் புரியலன்னு நெனைக்காத. ஆனா வூட்ல சும்மா இருக்க மாட்டாங்க அருளு. தை மாசம் அக்ரிமெண்டு வருது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மத்தவங்க சொல்லுவாங்க" என்றார்.

"தெரியுங்க."

"தெரிஞ்சிமா?"

"தெரிஞ்சிதாங்க பிரிச்சேன்."

வெளியே வாலாஜாபாத் பேருந்து ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு புறப்பட்டது. அது தெருமுனை திரும்பும்வரை தாமோதரன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கி எத்தினி மணிக்கு ப்ரோக்ராமு?"

"சாயங்காலம் ஆறு மணிக்குங்க."

"பவளத்தயும் இட்டுக்கினு வரலாம்னு கீறேன். பொண்ணு வாசிக்கறத அவ நேர்ல பாத்ததே இல்ல. படத்துலதான் பாத்துட்டுக் கத்தறா." அவர் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார், வாசல்வரை சென்று, செருப்பில் கால் நுழைத்தவர் திரும்பினார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. "எதுக்கும் இன்னொண்ணு கட்டி வெச்சிடேன் அருளு. யாரும் தொட வேணாம். சும்மா பைக்குள்ள கெடக்கட்டும். கேட்டா, தனியா கீதுன்னு சொல்லிக்கலாம்ல?"

சின்ன வேலைதான். பக்கங்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தன. பிளாஸ்திரியும் மிச்சம் இருந்தது. அருள்தாஸ் அந்தச் சுருளை எடுத்து மேசையின் இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"முடியாதுங்க" என்றார். "ஒண்ணுதான் கட்டுவேன்."